கிளினிக்கல் போஸ்டிங்: பிசியோதெரபி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிளினிக்கல் போஸ்டிங் என்பது மாணவர்கள் மருத்துவமனையில் மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்த்துப் பழகும் காலம். அப்படி வரும் மாணவர்களைக் கூடவே வைத்துக்கொண்டு வார்டிலும் ஓபியிலும் (வெளிநோயாளிப் பிரிவு) வேலை பார்ப்பது என் அன்றாடம். படிப்பில் கெட்டிக்காரர்களாக இருப்பவர்கள்கூட முதல் இரண்டு வாரம் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: என்ன செய்யப்போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லாமலே நோயாளி மேல் கையை வைத்துவிடுகிறார்கள். உங்கள் மனதுக்குள் ஓடுவது சூப்பர்வைசருக்குத் தெரியாது. நீங்கள் முன்கூட்டியே சொன்னால் தவறு நடக்கும் முன் அவர் நிறுத்துவார், சொல்லாவிட்டால் நடந்த பிறகுதான் திருத்த முடியும், அதற்குள் நோயாளிக்கு வலித்திருக்கும். கீழே உள்ள வரிசை முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கிறது.

1. போஸ்டிங் தொடங்கும் முன்: என்னென்ன கையில் இருக்க வேண்டும்

பெரிய பட்டியல் தேவையில்லை. கோனியோமீட்டர் (மூட்டின் கோணத்தை அளக்கும் கருவி), இன்ச் டேப், ரிஃப்ளெக்ஸ் ஹேமர் (அனிச்சைச் செயலைத் தட்டிப் பார்க்கும் சின்னச் சுத்தியல்), ஸ்டெதாஸ்கோப், நொடிமுள் உள்ள கைக்கடிகாரம், சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்ன நோட்டு. கடிகாரம் எதற்கு என்றால், பல்ஸும் மூச்சும் எண்ணும்போது ஃபோனை எடுத்தால் நோயாளி நீங்கள் வேறு ஏதோ பார்க்கிறீர்கள் என்றுதான் நினைப்பார். வார்டில் மணிக்கட்டில் எதுவும் கட்டக்கூடாது என்று விதி இருந்தால் கடிகாரத்தைச் சட்டையில் குத்திக்கொள்ளுங்கள்.

நகம் வெட்டியிருக்க வேண்டும். இதை எழுதக்கூட வேண்டுமா என்று தோன்றும், ஆனால் முதல் நாள் பாதிப் பேரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீள நகத்தோடு வயதானவரின் காகிதம் போன்ற தோலைப் பிடித்தால் கிழிந்துவிடும். மோதிரம், வளையலையும் கழற்றிவிடுங்கள்.

தடுப்பூசிச் சான்று, அடையாள அட்டை, கல்லூரிக் கடிதம் எல்லாவற்றையும் முந்தைய வாரமே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ஹெபடைடிஸ் பி ஊசி முழுச் சுற்று முடிய வழக்கமாக 6 மாதம் ஆகும் என்பதால் கடைசி நேரத்தில் ஓட முடியாது.

படிப்பில் எதைத் திருப்பிப் பார்ப்பது? எந்தப் பிரிவுக்குப் போகிறீர்களோ அதில் அதிகம் வரும் ஐந்து நோய்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி போதும்: என்ன செய்வோம், எதைச் செய்யவே கூடாது, எதைக் கண்டால் உடனே நிறுத்துவோம். இந்த மூன்றில் கடைசி இரண்டைத்தான் மாணவர்கள் படிக்காமல் வருகிறார்கள், ஏனென்றால் பரீட்சையில் அதற்கு மார்க் குறைவு.

2. முதல் நாள்: இடத்தையும் மனிதரையும் தெரிந்துகொள்வது

நோயாளியைப் பார்ப்பதற்கு முன் வார்டை ஒரு சுற்று சுற்றுங்கள். அவசர பெல் எங்கே, ஆக்சிஜன் எங்கே, வீல்சேர் எங்கே நிறுத்துகிறார்கள், கட்டிலின் பிரேக் காலால் மிதிப்பதா கையால் இழுப்பதா? ஒருவர் மயங்கிச் சரியும்போது இதையெல்லாம் தேட நேரம் இருக்காது. அங்கே யாராவது மயங்கினால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

அப்புறம் சூப்பர்வைசரோடு பத்து நிமிடம் உட்காருங்கள். அவராகக் கூப்பிடாவிட்டாலும் நீங்களே கேட்டு வாங்குங்கள். இவற்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: நான் எதைத் தனியாகச் செய்யலாம், எதை நீங்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும் செய்யலாம், எதைத் தொடவே கூடாது? நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரம் யாரிடம் போவது? நான் செய்வதை நோயாளியின் முன்னாலேயே திருத்துவீர்களா, வெளியே வந்த பிறகா? ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், ஆக்சிஜன் அளவு எதற்குக் கீழே போனால் அல்லது மேலே போனால் இங்கே நோயாளியை எழுப்ப மாட்டீர்கள்?

கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். எண்கள் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் மாறும், இருதயப் பிரிவின் எண் எலும்புப் பிரிவுக்குப் பொருந்தாது. புத்தகத்தில் படித்த எண்ணை வைத்துக்கொண்டு நீங்களாக முடிவெடுக்கக் கூடாது.

ஏற்கெனவே எதைச் செய்திருக்கிறீர்கள், எதை ஒருதடவைகூடச் செய்ததில்லை என்பதையும் அன்றே உண்மையாகச் சொல்லிவிடுங்கள். "சக்ஷன் (குழாய் வைத்துச் சளியை உறிஞ்சி எடுப்பது) பார்த்திருக்கிறேன், செய்ததில்லை" என்று ஒரு மாணவர் சொன்னால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை கூடும். தெரியும் என்று தலையாட்டிவிட்டு நோயாளி முன்னால் கை நடுங்குபவரிடம் அடுத்த வேலையைக் கொடுக்க யோசிப்பேன்.

3. பார்ப்பதையும் ஒரு வேலையாகச் செய்யுங்கள்

முதல் இரண்டு மூன்று நாள் வேடிக்கை பார்க்க மட்டும் விடுவார்கள். சும்மா சுவரில் சாய்ந்து நின்றால் ஒன்றும் மனதில் தங்காது. ஒரு நோயாளிக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டு பாருங்கள். இவரிடம் சூப்பர்வைசரின் கால்கள் எங்கே இருக்கின்றன, அவரிடம் முதல் வாக்கியம் என்ன, இன்னொருவரிடம் எந்த நொடியில் நிறுத்தினார்.

கைகளைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் கால்களைப் பாருங்கள். நோயாளியைத் தூக்கி நிறுத்தும்போது அனுபவசாலியின் பாதங்கள் முன்பின்னாக விரிந்திருக்கும், முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், எடை பின்காலிலிருந்து முன்காலுக்கு மாறும். முதுகு நேராக இருப்பது அதனால்தான். இது பிடிபட்டால் உங்கள் இடுப்பு பல வருடம் பிழைக்கும்.

4. கேஸ் ஷீட்டைப் படிக்கும் வரிசை

புதியவர்கள் நோயின் பெயரைப் பார்த்ததும் ஷீட்டை மூடிவிடுகிறார்கள். "முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை, சரி, எனக்குத் தெரியும்" என்று. அந்தப் பெயர் உங்களுக்கு ரொம்பக் குறைவாகத்தான் சொல்கிறது.

நான் சொல்லித்தரும் வரிசை இது. முதலில் டாக்டரின் கடைசி ஆர்டர், அதன் தேதியும் நேரமும். நேற்று எழுப்பச் சொல்லியிருப்பார், இன்று காலை காய்ச்சல் என்று நிறுத்தியிருப்பார். அடுத்தது அறுவை சிகிச்சைக் குறிப்பு, அதில் காலில் எவ்வளவு எடை வைக்கலாம் என்ற வரி. முழு எடையா, பகுதி எடையா, தரையில் ஊன்றவே கூடாதா? எழுதியிருக்கவில்லை என்றால் நீங்கள் ஊகிக்கக் கூடாது, கேட்டு எழுதி வாங்க வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றியவர் என்றால் எந்தப் பக்கமாக அறுத்தார்கள் என்றும் பாருங்கள். பின்பக்கமாக அறுத்தவர்களுக்கு இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவது, காலை நடுக்கோடு தாண்டி உள்ளே கொண்டுபோவது, உள்பக்கம் திருப்புவது ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். முன்பக்கமாகச் செய்தவர்களுக்கு இதே பட்டியல் பொருந்தாது.

மூன்றாவது நர்ஸ் குறிப்பு. ராத்திரி தூங்கினாரா, வாந்தி எடுத்தாரா, வலி மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்துப் போனால் அதே பயிற்சி பாதி வலியில் முடியும். நான்காவது ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே. கடைசியாகத்தான் மற்ற நோய்கள்: சர்க்கரை, இருதயம், பேஸ்மேக்கர், பழைய பக்கவாதம்.

படித்ததும் நர்ஸிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், "சிஸ்டர், இவரை இப்போது எழுப்பலாமா, ஏதாவது மாறியிருக்கிறதா?" ஷீட்டில் ஏறாத செய்தி அவரிடம் இருக்கும்.

5. கை வைக்கும் முன் ஒரு நிமிடம் வாயைத் திறங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டிலுக்குப் போகும் முன், நடையில் நின்று, சூப்பர்வைசரிடம் ஒரு நிமிடத்தில் சொல்லுங்கள்: நோயாளி யார், எத்தனையாவது நாள், இன்று என்ன செய்யப்போகிறேன், ஏன், எதற்குப் பயப்படுகிறேன், எதைக் கண்டால் நிறுத்துவேன், உங்களை எங்கே நிற்கச் சொல்கிறேன்.

உதாரணமாக இப்படி: "68 வயது, வலது முழங்கால் மாற்றி முதல் நாள், முழு எடை வைக்கலாம் என்று எழுதியிருக்கிறது. இன்று கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, தலைசுற்றல் இல்லையென்றால் வாக்கரோடு நிற்கவைப்பேன். நேற்று தொடைக்கு நரம்பு பிளாக் (வலி தெரியாமலிருக்க நரம்பை மரக்கவைக்கும் ஊசி) கொடுத்திருக்கிறார்கள், தொடைத் தசை பிடிக்கிறதா என்று படுத்திருக்கும்போதே பார்ப்பேன், பிடிக்கவில்லையென்றால் நிற்கவைக்க மாட்டேன். நான் வலது பக்கம், நீங்கள் இடது பக்கம்."

இதைச் சொல்ல 40 நொடிகூட ஆகாது. ஆனால் சொல்லும்போதே உங்களுக்குத் தெரியாத இடம் வெளியே வந்துவிடும். "எதற்குப் பயப்படுகிறேன்" என்ற இடத்தில் வாய் நின்றுவிட்டால் நீங்கள் இன்னும் தயாராகவில்லை, போய் இன்னொரு தடவை ஷீட்டைப் படியுங்கள், அதில் ஒரு கேவலமும் இல்லை. நோயாளி முன்னால் நின்றுபோவதைவிட நடையில் நின்றுபோவது எவ்வளவோ மேல்.

இங்கே சூப்பர்வைசர்கள் செய்யும் தவறும் ஒன்று உண்டு. மாணவர் தடுமாறினால் நாமே முழுப் பதிலையும் சொல்லிவிடுகிறோம். நானும் வெகுநாள் அப்படித்தான் செய்தேன். மாணவர் அடுத்த நாளும் அதே இடத்தில் நின்றார், ஏனென்றால் யோசித்தது நான்.

6. அறிமுகமும் அனுமதியும்

கையைக் கழுவுங்கள். கையில் தேய்க்கும் ஆல்கஹால் என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பு என்றால் 40 முதல் 60 நொடி. நோயாளியைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும் மட்டும் போதாது, கட்டில் கம்பியைப் பிடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகும் முன்பும்.

பெயர் சொல்லி, மாணவர் என்று சொல்லி, யாருடைய மேற்பார்வையில் செய்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். சிலர் மாணவர் என்பதை விழுங்கிவிடுவார்கள், நோயாளி மறுத்துவிடுவார் என்ற பயம். மறுக்கட்டும், அது அவர் உரிமை. பெரும்பாலானோர் மறுப்பதில்லை, மறைத்தது பின்னால் தெரிந்தால்தான் கோபப்படுகிறார்கள்.

நோயாளியின் முழுப்பெயரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி கைப்பட்டையோடு ஒத்துப்பாருங்கள். "நீங்கள்தானே இன்னார்?" என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் இருப்பவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பார்.

அப்புறம், திரையை இழுத்துவிடுங்கள். எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டுமோ அதை மட்டும் திறந்து, மீதியைப் போர்வையால் மூடுங்கள். வலிக்குமா என்று கேட்டால் வலிக்காது என்று பொய் சொல்லாதீர்கள். "கொஞ்சம் வலிக்கும், நீங்கள் நிறுத்து என்றால் நிறுத்திவிடுவேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி நிறுத்துங்கள்.

7. அசெஸ்மென்ட்: வரிசை மாறினால் எண்ணும் மாறும்

விசாரணை, பார்வை, தானாக அசைப்பது, நாம் அசைப்பது, தசை வலு, அப்புறம்தான் தனிச் சோதனைகள். நோயாளி தானாக அசைப்பதை முதலில் பார்ப்பதற்குக் காரணம், எந்த இடத்தில் வலி தொடங்குகிறது என்று அவரே காட்டிவிடுவார். நீங்கள் முதலில் வலிக்க வைத்துவிட்டால் அதற்கப்புறம் அவர் தசையை இறுக்கிக்கொள்வார், அளவு எல்லாமே குறைவாக வரும். வலிக்கும் என்று தெரிந்த சோதனை எப்போதும் கடைசி. நல்ல பக்கத்தை முதலில் பாருங்கள், ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கும், என்ன செய்யப்போகிறீர்கள் என்று நோயாளிக்கும் புரியும்.

விசாரிக்கும்போது வலிக்கு மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். முதுகு வலி என்று வந்தவரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியது: சிறுநீர் போவதில் மாற்றம் உண்டா, மலம் கட்டுப்பாடு இழந்ததா, உட்காரும் இடத்தில் மரத்துப்போயிருக்கிறதா, இரண்டு காலும் புதிதாகத் தளர்ந்ததா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் அன்றைக்கு உடற்பயிற்சி கிடையாது, உடனே சூப்பர்வைசர், உடனே டாக்டர். முதுகெலும்பின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம், அதற்கு மணிக்கணக்கில்தான் நேரம் இருக்கிறது. காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரியில் படுத்தாலும் தணியாத வலி, காய்ச்சல், முன்பு புற்றுநோய் இருந்தது ஆகியவற்றையும் கேளுங்கள்.

கோனியோமீட்டர் பற்றி ஒரு வார்த்தை. முழங்காலை அளக்கும்போது கருவியின் நடு அச்சு லேட்டரல் எபிகாண்டைல் (முழங்காலின் வெளிப்பக்க எலும்பு மேடு) மேல், கருவியின் ஒரு கை கிரேட்டர் ட்ரோக்கான்டரை (இடுப்போரம் தொடை எலும்பின் மேடு) பார்த்து, இன்னொரு கை லேட்டரல் மல்லியோலஸை (வெளிப்பக்கக் கணுக்கால் எலும்பு) பார்த்து. இது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் எலும்பைத் தடவிக் கண்டுபிடிக்காமல் துணிக்கு மேலே குத்துமதிப்பாக வைக்கிறார்கள். திங்கள்கிழமை நீங்கள் 70 என்று எழுதி, புதன்கிழமை இன்னொரு மாணவர் 80 என்று எழுதினால், கால் முன்னேறியதா அளந்த கை மாறியதா என்று யாருக்கும் தெரியாது. ஒரே நிலையில், முடிந்தால் ஒரே ஆள், அளந்த நிலையையும் எழுதிவையுங்கள்: படுத்தா, உட்கார்ந்தா?

தசை வலுவை 0 முதல் 5 வரை மதிப்பிடுவோம், அதில் 3-க்கும் 4-க்கும் நடுவே எல்லோரும் தடுமாறுவார்கள். புவியீர்ப்பை எதிர்த்து முழு அசைவையும் செய்ய முடிந்தால் 3, அதற்கு மேல் உங்கள் கையின் எதிர்ப்பையும் ஓரளவு தாங்கினால் 4. முழு அசைவு வராதவருக்கு எதிர்ப்புக் கொடுத்துப் பார்த்து 4 போடாதீர்கள்.

8. முதல்முறை நிற்கவைப்பது

மாணவர்கள் அதிகம் ஆசைப்படுவதும் அதிகம் தவறு செய்வதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் சுற்றியுள்ளதைத் தயார் செய்யுங்கள். கட்டிலின் பிரேக், வீல்சேரின் இரண்டு பிரேக், தரையில் ஈரம், காலில் வழுக்காத செருப்பு. வாக்கரின் உயரத்தைப் படுத்திருக்கும்போதே உத்தேசமாகச் சரிசெய்து, நின்றதும் பாருங்கள்: கை தொங்கும்போது பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் இருக்க வேண்டும், பிடித்தால் முழங்கை 20 முதல் 30 டிகிரி மடங்கியிருக்கும். நாற்காலி ஒன்றைப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள், அவருக்குத் தேவைப்படும் நேரத்தில் அதைத் தேடிப் போகக்கூடாது.

அடுத்தது குழாய்கள். மூக்கிலிருந்து பாதம் வரை கண்ணால் ஒரு கோடு இழுங்கள்: ஆக்சிஜன், ஐவி (டிரிப்ஸ்), ட்ரெய்ன் (காயத்திலிருந்து கசிவை வெளியேற்றும் குழாய்), சிறுநீர்ப் பை (குழாய் வழியே சிறுநீர் வந்து சேரும் பிளாஸ்டிக் பை). ஒரு மாணவி எல்லாவற்றையும் அழகாகச் செய்தார், பிடித்துக்கொள்ள நோயாளியின் இடுப்பில் பெல்ட் கட்டினார், எண்ணிக்கை சொன்னார், பெரியவர் எழுந்தும்விட்டார். அந்த நொடியில்தான் சிறுநீர்ப் பை கட்டிலின் மறுபக்கக் கம்பியில் மாட்டியிருப்பது தெரிந்தது, குழாய் விறைத்து நின்றது. நான் பக்கத்தில் இருந்ததால் கையைக் கொடுத்து அவரை மெல்ல உட்காரவைத்தோம். அந்த மாணவி அதற்கப்புறம் ஒவ்வொரு நோயாளியிடமும் "மூக்கு, கை, வயிறு, தொடை" என்று முணுமுணுத்துக்கொண்டே பார்ப்பார். அதை நான் இப்போது எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். சிறுநீர்ப் பை எந்த நிலையிலும் உடம்புக்குள் இருக்கும் மூத்திரப்பைக்குக் கீழேயே இருக்க வேண்டும், மேலே தூக்கினால் சிறுநீர் திரும்பிப் போகும், தொற்று வரும்.

படுத்த நிலையில் ரத்த அழுத்தம், பல்ஸ் எடுத்து எழுதுங்கள். பாதத்தை மேலே இழுக்கச் சொல்லுங்கள், தொடையை இறுக்கச் சொல்லுங்கள், காலை நேராகத் தூக்க முடிகிறதா பாருங்கள். நரம்பு பிளாக் இறங்காத கால் நின்றதும் துணி மாதிரி மடங்கிவிடும், நோயாளிக்கே அது தெரியாது. கெண்டைக்காலையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். பிடித்துவிடாதீர்கள், எழுப்பாதீர்கள், சொல்லிவிடுங்கள். பாதத்தை மடக்கிப் பார்க்கும் ஹோமன்ஸ் சோதனையை மட்டும் நம்பி ஒன்றும் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

உட்காரவைத்த பிறகு அவசரப்படக்கூடாது. கால் தரையில் படும்படி உட்காரவைத்து பேச்சுக் கொடுங்கள். பேச்சு எதற்கு என்றால், பதில் மெதுவாக வந்தாலோ நடுவே நின்றாலோ அதுதான் முதல் எச்சரிக்கை, மெஷினைவிட முன்னால் வரும். முகம் வெளுப்பது, மேல் உதட்டில் வியர்வை, கொட்டாவி, எங்கோ வெறித்துப் பார்ப்பது இவையும் அப்படித்தான். "தம்பி, தலை ஒரு மாதிரி இருக்கு" என்று அவர் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள், சிலர் உங்கள் மனம் நோகக்கூடாது என்று சொல்லவே மாட்டார்கள்.

நின்றதும் மறுபடி ரத்த அழுத்தம். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது நிலை மாறுவதால் வரும் அழுத்தக் குறைவு. தலைசுற்றலோடு இருந்தால் உட்காரவையுங்கள், தேவையானால் படுக்கவைத்துக் காலைத் தூக்கிவிடுங்கள். நடக்கவைக்கும் ஆசையை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

உங்கள் இடம் பலவீனமான பக்கம், சற்றுப் பின்னால். ஒரு கை இடுப்பு பெல்ட்டில், இன்னொன்று தோளுக்கு அருகில் தயாராக. பக்கவாதம் வந்தவரின் தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பவே கூடாது. அந்தத் தோளைத் தாங்க தசை வேலை செய்யவில்லை, இழுத்தால் மூட்டு இறங்கி மாதக்கணக்கில் வலிக்கும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் அதே மாதிரிதான்.

விழப்போகிறார் என்றால்? பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள், இருவரும் விழுவீர்கள். பெல்ட்டைப் பிடித்து உங்கள் உடம்போடு சாய்த்து, உங்கள் காலை முன்னால் கொடுத்து, அதன்மேல் மெல்லச் சறுக்கித் தரையில் இறக்குங்கள், தலையைப் பாதுகாத்து. இதை நண்பரோடு மெத்தைமேல் பத்துத் தடவை பழகுங்கள். நோயாளியிடம் முதல்தடவை செய்து பார்க்கும் விஷயம் இல்லை இது.

படியேறும் நாள் வந்தால் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைத்தடி வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில். வலிக்கிற பக்கமே தடியைக் கொடுத்துவிடும் மாணவர்களை எல்லா வருடமும் பார்க்கிறேன்.

9. மெஷின்களும் வெந்நீர்ப் பொதியும்

மெஷினை ஆன் செய்வது எளிது என்பதால் இதைத் தனியாகச் செய்யச் சொல்லிவிடுவார்கள். அதனாலேயே இங்கே தீக்காயம் நடக்கிறது. சூடு வைக்கும் முன் அந்த இடத்தில் சூடும் குளிர்ச்சியும் பிரித்துத் தெரிகிறதா என்று கண்ணை மூடச் சொல்லிச் சோதியுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு விடாமல் செய்யுங்கள். 5 நிமிடத்தில் துணியைத் தூக்கித் தோலைப் பாருங்கள். பொதியின் மேல் நோயாளியைப் படுக்கவைக்காதீர்கள், எடை அழுத்தினால் சூடு வெளியேற வழியில்லை. கையில் மணியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கரண்ட் சிகிச்சைக்கு முன் பேஸ்மேக்கர் கேள்வியைக் கேட்காமல் பிளக்கைத் தொடக்கூடாது. அல்ட்ராசவுண்ட் மெஷினின் தலைப்பகுதியை நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள், கர்ப்பிணியின் வயிற்றுப் பகுதியிலும் புற்றுநோய் உள்ள இடத்திலும் வைக்காதீர்கள்.

10. குறிப்பு எழுதுவது

அன்றைக்கே, அதே மணி நேரத்தில் எழுதுங்கள். மாலையில் மொத்தமாக எழுதினால் மூன்று நோயாளிகளின் முழங்கால் ஒன்றாகிவிடும்.

"நோயாளி நன்றாக நடந்தார்" என்று எழுதினால் நாளைக்கு வருபவருக்கு ஒன்றும் கிடைக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: "வாக்கருடன், ஒருவர் தொட்டுத் துணையாக வர, 12 மீட்டர் நடந்தார், 2 முறை நின்று இளைப்பாறினார். வலி 10-க்கு 4, நடந்த பின் 6. திரும்பும்போது வலது பக்கம் சாய்ந்தார். ரத்த அழுத்தம் படுத்து 130/80, நின்று 124/78." இதைப் படிப்பவர் நீங்கள் இல்லாமலே அடுத்த அடியை எடுத்துவைப்பார்.

நோயாளி சொன்னது, நீங்கள் கண்டது, அதிலிருந்து நீங்கள் எண்ணுவது, அடுத்துச் செய்யப்போவது என்ற நான்கையும் கலக்காமல் எழுதுங்கள். மூன்றாவதில்தான் மாணவர்கள் நோயின் பெயரைத் திரும்ப எழுதிவிட்டு நகர்கிறார்கள். அங்கே எழுத வேண்டியது ஏன் என்பது: ஏன் 12 மீட்டரில் நின்றார், வலியா, மூச்சா, பயமா? காரணத்தைப் பொறுத்துத்தான் நாளைய சிகிச்சை.

செய்யாததை எழுதவே கூடாது. ரத்த அழுத்தம் எடுக்க மறந்தால் "எடுக்கவில்லை" என்று எழுதுங்கள். தவறாக எழுதியதை வெள்ளை பூசி மறைக்காமல் ஒற்றைக் கோடு போட்டு, கையெழுத்தும் தேதியும் இடுங்கள். சூப்பர்வைசர் படித்துக் கையொப்பமிட்ட பிறகே உங்கள் குறிப்பு முழுமை பெறும். நோயாளியின் படத்தையோ ஷீட்டையோ உங்கள் ஃபோனில் எடுக்காதீர்கள், நண்பர்கள் குழுவில் கேட்பதற்குக்கூட.

11. திருத்தத்தைக் கேட்டு வாங்குவது

"எப்படிச் செய்தேன்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்ற பதில்தான் வரும். கேள்வியைச் சுருக்குங்கள். "உட்காரவைக்கும்போது என் கை இடம் சரியாக இருந்ததா?" என்று கேட்டால் சூப்பர்வைசர் அந்த இடத்தை நினைத்துப் பார்த்துச் சொல்வார். நோயாளியிடம் போகும் முன்பே "இன்று என் கால் நிலையை மட்டும் கவனியுங்கள்" என்று சொல்லிவைத்தால் இன்னும் நல்லது.

ஒரு நாளைக்கு ஒன்று போதும். மாலையில் நோட்டில் எழுதுங்கள்: இன்று எதைத் திருத்தினார், நாளை எந்த நோயாளியிடம் அதைச் செய்து பார்ப்பேன். மறுநாள் காலை அந்த வரியை அவரிடம் காட்டுங்கள். தான் சொன்னது வீணாகவில்லை என்று தெரிந்தால் எந்த ஆசிரியரும் அடுத்ததைச் சொல்லித்தருவார்.

12. மேற்பார்வை மெல்ல விலகும் நேரம்

முதலில் சூப்பர்வைசரின் கை உங்கள் கைமேல் இருக்கும், அப்புறம் கட்டிலருகே நிற்பார், அப்புறம் அதே அறையில், கடைசியில் கூப்பிட்டால் வரும் தூரத்தில். இது நாள்கணக்கில் தானாக மாறுவதில்லை, வேலைக்கு வேலை மாறும். சாதாரண முழங்கால் பயிற்சியில் தனியாக விடப்பட்டவர் முதுகுத்தண்டு அடிபட்டவரிடம் மறுபடி முதல் படியில்தான் நிற்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு அடிபட்ட இடம் மார்பு முதுகெலும்பில் ஆறாவது அல்லது அதற்கு மேல் என்றால், திடீரென்று தலை வெடிக்கிற மாதிரி வலி, முகம் சிவப்பது, அழுத்தம் ஏறுவது வந்தால் உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஆளைக் கூப்பிட வேண்டும். இதைக் கேட்டால் பதில் சொல்லத் தெரியும்வரை தனியாகப் போகாதீர்கள்.

ஒரு வேலையைத் தனியாகச் செய்யத் தயாரில்லை என்றால் சொல்லிவிடுங்கள். ஆள் பற்றாக்குறை என்று வற்புறுத்தினாலும், "நீங்கள் வந்ததும் செய்கிறேன், அதுவரை படுத்த நிலைப் பயிற்சி கொடுக்கிறேன்" என்று மாற்று வழியோடு சொல்லுங்கள்.

13. ஏதாவது தவறிப்போனால்

நோயாளி பத்திரமாக இருக்கிறாரா என்பது முதல் வேலை. இரண்டாவது ஆளைக் கூப்பிடுவது. மூன்றாவது சூப்பர்வைசரிடம் நடந்ததை நடந்தபடி சொல்வது, அடுத்த வேலைக்குப் போகும் முன்பே. பின்னர் நேரம், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன கண்டீர்கள், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். யார் தவறு என்று எழுத வேண்டாம், கண்டதை மட்டும்.

நான் மாணவனாக இருந்தபோது ஒருவரின் தோல் லேசாக உரிந்ததை மாலை வரை சொல்லாமல் வைத்திருந்தேன். திட்டு விழுமே என்ற பயம். அவருக்குச் சர்க்கரை இருந்தது, அந்தச் சின்னக் காயம் ஆற மூன்று வாரம் ஆனது. உடனே சொல்லியிருந்தால் அன்று காலையே மருந்து போட்டிருப்பார்கள்.

14. கடைசி வாரம்: ஒப்படைப்பு

உங்கள் நோயாளிகளிடம் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள், வெள்ளிக்கிழமையோடு நான் போகிறேன், அடுத்து இன்னார் வருவார் என்று. முடிந்தால் புதியவரைக் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துங்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து வரி எழுதிக் கொடுங்கள்: வந்தபோது எப்படி இருந்தார், இப்போது எவ்வளவு, எதற்குப் பயப்படுகிறார், எந்த வார்த்தை சொன்னால் முயற்சி செய்கிறார், எதை இன்னும் செய்து பார்க்கவில்லை. லாக்புக்கில் (செய்த வேலைகளைப் பதியும் ஏடு) கையெழுத்து வாங்குவதைக் கடைசி நாள் மாலைக்கு வைக்காதீர்கள், சூப்பர்வைசர் அன்று விடுப்பில் இருக்கலாம்.